எதிர்க்கட்சி இல்லாத கேசட்டும் ஜேடர்பாளையம் பயணமும்

காலை 7.10. சங்ககிரியில் திருச்செங்கோட்டு வண்டி ஏறினோம். பதினோரு கிலோமீட்டர், டிக்கெட் தொண்ணூறு பைசா. எண்பத்து நாலாம் வருஷத்து ஆடிப் பதினெட்டு. வண்டியில் இருந்த அத்தனை பேரும் காவிரியில் குளிக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் காவிரிக் கரையில் மானம் போய்விடுமோ என்ற கவலையோடு போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் மனைவி சரசு, மடியில் புளிச்சோற்றுத் தூக்குவாளி.

விஷயம் இதுதான். ஜேடர்பாளையத்தில் அன்று பிற்பகல் படபடா பழனியப்பனின் லாவணி. லாவணி கேட்டிராதவர்களுக்கு ஒரு வார்த்தை: கையில் டேப்பு என்ற தோல் வாத்தியத்தை வைத்துக்கொண்டு இரண்டு கட்சியாக உட்கார்ந்து, ஒருவர் பாட்டிலேயே கேள்வி கேட்க, மற்றவர் பாட்டிலேயே மடக்குவது. பழனியப்பன் மடக்குகிறவர். மூச்சு விடாமல் சொல்லுக்குச் சொல் தட்டி அவர் அடுக்கும்போது, கேட்கிற நமக்கு மூச்சு வாங்கும். எதிர்க்கட்சி குப்புசாமி. மூக்கால் பாடுகிற ஆள். கிணற்றுத் தண்ணீர் இறைக்க எது உசத்தி என்று வாதாடுகிற 'மாடா மோட்டாரா' என்ற அவர்களுடைய கேசட்டை நான் மூன்று வருஷமாகப் போட்டுப் போட்டு, நாடா இரண்டு இடத்தில் அறுந்து, ஒட்டி வைத்திருக்கிறேன். ஆனால் நேரில் பார்த்ததே இல்லை.

ஆனி மாசம் புதுக் கேசட்டு வந்தது. 'ரயிலா லாரியா'. லாரி புக்கிங் ஆபீஸ் குமாஸ்தாவான எனக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆபீஸை அரை மணி முன்னதாகப் பூட்டிவிட்டு ஓடிப்போய் வாங்கி வந்தேன். முதல் பக்கம் முடிந்ததும் கேசட்டு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். லாரிதான் ஜெயித்தது. ஆனால் ரயில் கட்சியையும் பழனியப்பனே பாடியிருந்தார். கேள்வியும் அவரே, பதிலும் அவரே. நடுநடுவே கல்யாண வீட்டு ஆர்கன் சத்தம் வேறு. எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. கேசட்டு அட்டையில் இருந்த விலாசத்துக்கு அன்றைக்கே ஒரு கார்டு எழுதினேன்:

"ஐயா, எதிர்க்கட்சி இல்லாத லாவணி பிரேக் இல்லாத லாரி. குப்புசாமியைக் கழற்றி விட்டது ஏன்? தோற்றுப் போவோம் என்ற பயமா? தைரியமுள்ள ஆம்பிளை என்றால் எதிராளியோடு மேடை ஏறவும்."

பெயர் போடவில்லை. அவ்வளவு புத்திசாலி நான். ஆனால் இருபது வருஷமாக என் கையைத் தாண்டும் எந்தக் காகிதத்துக்கும் ஓரத்தில் ஆபீஸ் முத்திரை குத்தி அனுப்புவது வழக்கம். எங்கள் பெரிய பெண்ணின் கல்யாணப் பத்திரிகையில்கூட முப்பது குத்திய பிறகுதான் சரசு கையைப் பிடித்து நிறுத்தினாள். கார்டைத் தபால் பெட்டியில் போட்டுத் திரும்பும்போது விரல் நுனியில் ஊதா மை. அதைப் பார்த்துக்கொண்டு தபால் பெட்டியின் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேனோ, ஒரு நாய் வந்து என்னை மோந்து பார்த்துவிட்டுப் போனது.

லாவணிக்கு ஒரு சட்டம் உண்டு. பாடகருக்குச் சவால் எழுதி அனுப்பினால், அவர் அதை மேடையில் வாசிப்பார். எழுதியவன் எழுந்து நின்று பதில் வாங்கிக்கொள்ள வேண்டும். நிற்காவிட்டால், முத்திரையில் இருக்கிற ஊரைச் சேர்த்துப் பாட்டிலேயே தோலை உரிப்பார்கள்.

காலை 8.20. திருச்செங்கோட்டில் ஜேடர்பாளையம் வண்டியில் கூட்டம் படிக்கட்டு வரை தொங்கியது. முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. டிக்கெட் இரண்டு ரூபாய் இருபது பைசா. கண்டக்டர் என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, தலைக்குத் துண்டைப் போட்டு மூடிட்டு ஒக்காந்திருக்கறீங்க? காய்ச்சலுங்களா?"

"காய்ச்சல் இல்லீங்க. பயமுங்க," என்றாள் சரசு. "ஒரு கார்டு எழுதிப்போட்டாரு. அதுலருந்து இப்பிடித்தான்."

"கடன்காரனுக்குங்களா?"

"பாட்டுக்காரருக்குங்க."

கண்டக்டர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார். எங்களுக்கு எதிர் சீட்டில் ஒருவர், என் வயசுதான் இருக்கும், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர், மடியில் ஈரச்சாக்கு சுற்றிய வெற்றிலைக் கட்டு. அவர் காதைக் கொடுத்திருந்தார்.

"பாட்டுக்காரருன்னா, பழனியப்பனுங்களா? நானும் அங்கதான் போறனுங்க. புதுக் கேசட்டு கேட்டீங்களா?"

"கேட்டனுங்க," என்றேன் ஜாக்கிரதையாக. "ஆனா அந்தக் குப்புசாமி இல்லாம என்னமோ மாதிரி இருக்குதுங்க. சண்டைங்களா ரெண்டு பேருக்கும்?"

அவர் கையில் எடுத்த வெற்றிலையை வாயில் போடாமலே வைத்துக்கொண்டார்.

"சண்டையா? அட, உங்களுக்குத் தெரியாதுங்களா? குப்புசாமி எங்க ஊர்க்காரருங்க. போன தையில காமாலை வந்து தவறிட்டாருங்க. பழனியப்பன் பதினாறு நாளும் அந்த ஊட்லயே கெடந்தாப்டி. சொந்தத் தம்பியாட்ட நின்னாப்டி."

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. எல்லாரும் குலுங்கினார்கள். நான் குலுங்கியதற்குப் பள்ளம் காரணமில்லை.

தோற்கப் பயந்து கழற்றி விட்டீரா என்று எழுதியிருக்கிறேன். ஆறு மாசத்துக்கு முன் கூட்டாளியைப் பறிகொடுத்த மனிதனுக்கு. முத்திரை குத்தி.

அதுவரை எனக்கிருந்தது மானத்தைப் பற்றிய பயம். அது வேடிக்கையான பயம். நானே அதை வைத்து நாலு பேரைச் சிரிக்க வைத்திருப்பேன். இப்போது வந்தது வேறு. சரசுவின் காதருகே குனிந்து, "அடுத்த ஸ்டாப்பிங்ல எறங்கிக்கலாம்" என்றேன்.

"எறங்கி?"

"ஊட்டுக்குப் போயிரலாம்."

"போனா, அந்தக் கேசட்டை மறுக்கா உங்களால கேக்க முடியுமா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "நேர்ல பாத்து, தெரியாம எழுதிட்டனுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வாங்க. நான் பக்கத்துலயே இருக்கறன்."

காலை 10.30. ஜேடர்பாளையம். படுகை அணையில் தண்ணீர் செம்மண் நிறத்தில் விளிம்பு வரை நின்றது. கரை நெடுக மஞ்சள் கயிறும் காதோலைக் கருகமணியும் வைத்துக் கும்பிடுகிற பெண்கள்; சரசுவும் புதுக் கயிறு மாற்றிக்கொண்டாள். மீன் வறுக்கிற கடைகள் வரிசையாக இருபதாவது இருக்கும். ஒரு துண்டு ஒரு ரூபாய், வாழையிலையில் வெங்காயத்தோடு. பயந்தால் பசிக்காது என்று சொல்கிறவர்கள் என்னைப் பார்த்ததில்லை. நான் நாலு துண்டு தின்றேன். புளிச்சோறும் தின்றேன். தின்றுகொண்டே மன்னிப்பு வாசகத்தை மூன்று விதமாக ஒத்திகை பார்த்தேன். மூன்றையும் கேட்ட சரசு, "மீன் முள்ளு மாட்டினவனாட்டப் பேசறீங்க" என்றாள்.

பிற்பகல் 3 மணி. ஆற்றோரத் தென்னந்தோப்பில், பின் கதவைக் கழற்றிய லாரிதான் மேடை. மேலே இரண்டு ஜமுக்காளம் விரித்திருந்தது. ஒன்றில் பழனியப்பன் வந்து உட்கார்ந்தார். நான் மனதில் வைத்திருந்த ஆள் ஆறடி. வந்தவர் என் தோளுக்குத்தான் இருப்பார். கதர்ச் சட்டை, ஒரு பக்கம் கம்பியில்லாமல் நூல் கட்டிய மூக்குக் கண்ணாடி. எதிர் ஜமுக்காளத்தில் ஆள் இல்லை. ஒரு டேப்பு மட்டும் இருந்தது.

முதலில் புதுக் கேசட்டுப் பாட்டு. ஆர்கன் இல்லாமல், வெறும் டேப்போடு கேட்டபோது கேசட்டில் காதில் விழாத ஒன்று விழுந்தது. கேள்வியைப் பாடி முடித்ததும் அவர் சட்டென்று பதிலுக்குப் போகவில்லை. எதிர் ஜமுக்காளத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகுதான் பாடினார். கேசட்டில் அந்த ஒரு கணத்தை ஆர்கன் அடைத்திருந்தது. நான் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன்.

கூட்டம் கத்தியது: "மாடா மோட்டாரா! மாடா மோட்டாரா!"

பழனியப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். "அது ரெண்டாள் பாட்டுங்க சாமி. என்ற பாதி எனக்குத் தெரியும். அவன் பாதியை நான் எங்க படிச்சேன்? கேட்டுக் கேட்டு மடக்கினதோட சரி."

கூட்டம் விடவில்லை. அவர் டேப்பைத் தொடையில் ஊன்றினார். குப்புசாமியின் மாட்டுக் கட்சியை ஆரம்பித்தார்:

"மின்னல் வெட்டி மழை பேஞ்சா மோட்டாரு மூச்சு விடுமா?
மேற்கால கம்பி அறுந்தா மேட்டுக்குத் தண்ணி வருமா?
எண்ணெ இல்ல, கரண்டு இல்ல..."

நின்றுவிட்டது. மறுபடியும் "எண்ணெ இல்ல, கரண்டு இல்ல" என்றார். விரல் மட்டும் டேப்பில் தட்டிக்கொண்டே இருந்தது. அடுத்த சொல் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இனி நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. கேசட்டு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: பிடித்த இடத்தை மறுபடி கேட்கப் பின்னால் ஓட்டினால், அது சரியாக அந்த இடத்தில் நிற்காது. கொஞ்சம் முன்னாலேயே போய் நிற்கும். பழனியப்பனின் பதிலுக்காக நான் ஓட்டிய ஒவ்வொரு தடவையும் குப்புசாமியின் கேள்வியில்தான் போய் நின்றிருக்கிறேன். எனக்குப் பிடித்தவரைவிட எனக்குப் பிடிக்காதவரைத்தான் மூன்று வருஷமாக அதிகம் கேட்டிருக்கிறேன்.

"...என்ற காளை நிக்குமா?
ஏய் பழனி, பதிலைச் சொல்லு, பட்டன் தட்டினா பால் கறக்குமா?"

யாரோ மூக்கால் பாடினார்கள். சரசு என்னை நிமிர்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, நான் எழுந்து நின்றுகொண்டிருக்கிறேன்.

கூட்டம் முழுவதும் திரும்பியது. வேட்டி நழுவுகிற மாதிரி இருந்ததால் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். பழனியப்பன் கண்ணாடியை மாட்டாமலே நான் நின்ற திசையைப் பார்த்தார். பார்வை தெரிந்திருக்காது, சத்தத்தைத்தான் பார்த்திருப்பார். அப்புறம் டேப்பு அதிர்ந்தது பாருங்கள்:

"காளை மாட்டில் பால் கறக்கக் கெளம்பி வந்த கட்சியே,
காலங்காத்தால சொம்பெடுத்துக் காத்துக் காத்து நின்னியே!
நாலு பாத்தி நனையறதுக்கு நாளு பூரா ஓட்டினே,
நான் பட்டனைத் தட்டிப் படுத்தெந்திரிச்சேன், பாத்தியெல்லாம் ரொம்பிப் போச்சே!"

கேசட்டில் ஆயிரம் தடவை கேட்ட பதில். ஆனால் அது குப்புசாமிக்குச் சொன்னது. இது என் முகத்துக்கு நேராக வந்தது. தோப்பே ஆர்ப்பரித்தது. அவர் கை காட்டினார், மேலே வா என்று. சரசு முதுகில் கை வைத்து மெதுவாகத் தள்ளினாள். மாட்டுக் கட்சிக்கு இன்னும் ஆறு கேள்வி பாக்கி. லாரியில் ஏற முடியாமல் இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். எதிர் ஜமுக்காளத்தின் ஓரத்தில், அந்த டேப்பைத் தொடாமல் உட்கார்ந்து, ஆறு கேள்வியையும் கேட்டேன். ஆறிலும் தோற்றேன். குரல் இரண்டு இடத்தில் கிழிந்தது. ஒரு கிழவி என்மேல் காசு வீசினாள், கன்னத்தில் பட்டது.

மாலை 4.45. லாரிக்குப் பின்னால் பழனியப்பன் சோடா குடித்துக்கொண்டிருந்தார். ஒத்திகை பார்த்த மூன்று வாசகமும் மறந்துபோயிற்று.

"சங்ககிரியிலிருந்து வந்த கார்டுங்க," என்றேன். "ஊதா முத்திரை. அது நான்தானுங்க. அவரு தவறினது தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா..."

அவர் சோடா பாட்டிலைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு கார்டை எடுத்தார். என்னுடையதுதான்.

"இன்னைக்கு மேடைல வாசிக்கலாம்னு கொண்டாந்தேன். கடைசில மனசு வரலீங்க."

"என்ன திட்டினாலும் வாங்கிக்கறனுங்க."

"திட்டறதா? இந்தக் கேசட்டுக்கு ஒரு சாக்கு நெறயக் கடுதாசி வந்துச்சுங்க. ஆர்கன் நல்லாருக்குது, குரல் நல்லாருக்குது, லாரி ஜெயிச்சது நல்லாருக்குதுன்னு. குப்புசாமி எங்கன்னு கேட்டது நீங்க ஒருத்தர்தான்." கார்டைப் பழையபடி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "அவன் இல்லாததைக் கண்டுபிடிக்க ஒரு ஆளாச்சும் இருந்தானேன்னு அவன் சம்சாரத்துகிட்டக் கொண்டுபோயிக் காட்டினேன். அது அழுதுபோட்டு, பொறவு சிரிச்சுது. 'பிரேக் இல்லாத லாரி'ங்கறதுக்கு."

சரசுவைப் பார்த்தேன். அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸு எத்தனை மணிக்குங்க?" என்று பழனியப்பன் கேட்டார்.

"ஆறேகாலுக்கு ஒண்ணு இருக்குதுங்க."

"அப்ப ஒரு மணி நேரத்துக்கு மேலயே இருக்குது. அவன் பாதியைச் சொல்லுங்க. எழுதிக்கறேன்."

அணைக் கரையின் படியில் உட்கார்ந்தோம். அவர் மடியில் நோட்டு. நான் சொல்லச் சொல்ல எழுதினார். நான் சொல் தப்பிய இடத்தில் சரசு எடுத்துக் கொடுத்தாள். எங்கள் வீட்டில் பின்னால் ஓட்டுகிற சத்தம் அவள் காதிலும் விழுந்துகொண்டுதானே இருந்திருக்கிறது! சங்ககிரியில் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் அந்தக் கேசட்டு எனக்குப் பொழுதுபோக்கு. இங்கே கரையில் ஒரு மனிதர் அதே வரிகளை, ஒரு எழுத்து விடாமல், ஈரக் காற்றில் நோட்டுத் தாள் பறக்காமல் முழங்கையால் அழுத்திக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார்.

ஏழாவது கேள்வி முடிந்தது. பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார். நாங்கள் எழுந்தோம்.

"இருங்க, இருங்க," என்றார் பழனியப்பன், நிமிராமல். "கடைசிப் பதில் சொல்லி நான் மடக்கினதும் அவன் ஒண்ணு பண்ணுவான். எனக்கு அப்பக் காது கேக்காது, டேப்பு சத்தத்துல. கேசட்டுல என்னன்னு விழுந்திருக்குது?"

"சிரிப்பாருங்க," என்றேன். "தோத்துப்போட்டு, சின்னதா, மூக்கால."

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.