ஏறாத எண்

நான் செய்த அந்த மின்சுற்றுப்பலகை தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அதன் நினைவகத்தில் கைப்பேசியில் எடுத்த ஒரு புகைப்படம்கூட அடங்காது. அதனால்தான் நிரல் எழுதச் சின்னக் கணினி மொழி ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அதில் எழுதிய நிரலை ஓட்டும் மென்பொருளான ரன்டைம் மிக இலேசானது. மின்சாரம் வந்த கணமே எழுந்து வேலையைத் தொடங்கிவிடும்.

கோவில்பட்டிக்கு வெளியே ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையின், ஊர் வழக்கில் தீப்பெட்டி ஆபீஸின், உலர்த்தும் அறைக்காக அதைச் செய்தேன். மழைக்காலத்தில் மருந்தில் முக்கியெடுத்த குச்சிகள் தாமாகக் காயாது, சூடான காற்றை ஊத வேண்டும். அறைச் சுவரில் பொருத்திய சென்சார் காட்டும் சூடு அளவைத் தாண்டினால் ஹீட்டரை நிறுத்துவது என் நிரலின் பொறுப்பு.

எனக்கு இருந்த பயம் ஒன்றுதான். இந்த ரன்டைம் நினைவகத்தில் தேவையற்றதைத் துடைத்து இடம் பண்ண அவ்வப்போது ஒரு நொடிக்கும் குறைவாக நின்றுவிட்டு ஓடும். சூடு ஏறும் வேளையில் அந்த நிறுத்தம் நீண்டுவிட்டால்? வீட்டில் ஹேர் டிரையரைக் காட்டித் திரும்பத் திரும்பச் சோதித்தேன். ஒரு முறையும் தவறவில்லை. ஆனாலும் பயம் போகவில்லை. உலர்த்தும் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பெட்டி அடைக்கும் பெண்களில் என் அண்ணன் மனைவியும் ஒருவர். பலகையை ஒரு பெட்டியில் வைத்து அங்கே மாட்டிய அன்று அவர்தான் கேட்டார்.

"கொழுந்தனாரே, ஒம்ம பொட்டி தூங்கிராதுல்லா?"

"தூங்காது மைனி."

"ஒம்ம அண்ணனும் இப்படித்தான் சொல்லுவாரு. சொல்லி வாய மூடல, கொறட்ட வந்திரும்."

பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விஜயதசமியன்று பூஜை முடிந்து வேலை தொடங்கிய பிறகுதான் போய்ச் சேர்ந்தேன். விடாத மழை. அந்தப் பருவத்தில் அன்றுதான் முதன்முதலாக ஹீட்டரைப் போட்டிருந்தார்கள். அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் மடிக்கணினியைத் திறந்து அறையின் வெப்பத்தைப் பார்த்தேன். எண் ஏறவில்லை.

ரன்டைம் உறைந்துவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, திரையில் நொடிக்கொரு வரி வந்துகொண்டிருந்தது. சென்சார் கம்பி அறுந்திருந்தால் பிழை காட்டியிருக்கும், அதுவும் இல்லை. மழை நாளில் சூடேற்றாத அறைக்கு என்ன எண் இருக்குமோ அதே எண், எந்தக் குறையும் இல்லாமல் வந்தது. ஹீட்டர் ஓடும்போது அந்த எண் வரவே கூடாது. அறையின் இரும்புக் கதவில் உள்ளங்கையை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன்.

ஓடிப்போய் வெளிச்சுவரில் இருந்த ஹீட்டர் மெயின் சுவிட்சை இழுத்து அணைத்தேன். "எல்லாரும் வெளிய வாங்க!" என்று கத்தினேன். பெண்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் போய் நின்றார்கள்.

முதலாளி வேகமாக வந்தார். "நல்ல நாளும் அதுவுமா ஏன்யா கூப்பாடு போடுதீரு?"

"கதவத் தொட்டுப் பாருங்க அண்ணாச்சி."

தொட்டார். கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார்.

கதவு ஆறும்வரை யாரும் கிட்டே போகவில்லை. உள்ளே ஒரு குச்சி பற்றினால் அடுத்தது, அதற்கடுத்தது என்று மனம் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் திறந்தபோது குச்சிச் சட்டங்கள் வைத்தபடியே இருந்தன. சுவரில் இருந்த சென்சாரின் முனை தெரியவே இல்லை. அதன்மேல் கெட்டியாகச் சந்தனம், நடுவில் குங்குமம், சுற்றிலும் தண்ணீர் சொட்டும் செவ்வந்திச் சரம்.

"எல்லா மிஷினுக்கும் வச்சோம், அதுக்கு மட்டும் வைக்காம விட்டா நல்லாவா இருக்கும்?" என்றார் முதலாளி. "அது சொல்லப்போயிதான எல்லாம் ஓடுது."

சந்தனத்தில் விரலை வைத்தேன். சரத்தின் தண்ணீர் ஊறி ஆவியாகிக்கொண்டே இருந்ததால், அவ்வளவு சூட்டிலும் அது ஈரமாக, குளிர்ந்து இருந்தது. அந்தக் குளிர்ச்சியைத்தான் என் நிரல் ஒரு நொடியும் பிசகாமல் படித்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் பயந்த இடம் வேறு.

முனையைத் துடைத்தேன். இனி யாரும் எதுவும் பூச முடியாதபடி ஒரு டீ வடிகட்டியை அதன்மேல் கவிழ்த்துக் கட்டினேன். நிரலில் சில வரிகள் சேர்த்தேன்: ஹீட்டர் ஓடியும் எண் ஏறாவிட்டால், ஹீட்டரை நிறுத்து. அந்தக் குட்டி ரன்டைம் இந்தக் கூடுதல் வேலையையும் வேகம் குறையாமல் செய்தது.

"இப்ப உள்ள போலாமா கொழுந்தனாரே?" என்று மைனி கேட்டார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"கொஞ்சம் நில்லுங்க மைனி" என்றேன். ஹீட்டரைப் போடச் சொல்லிவிட்டு, பெட்டி அடைக்கும் கூடத்துக்குள் போய், உலர்த்தும் அறைச் சுவரோரம் அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில், முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தேன். மடியில் மடிக்கணினி. எண் மெல்ல ஏறியது. சுவரின் சூடு சட்டைக்குள் இறங்கியது. எழுந்து ஓடிவிடலாம் என்றே கால்கள் சொல்லிக்கொண்டிருந்தன. எண் வரம்பைத் தொட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் 'டக்' என்று ஹீட்டரை நிறுத்தும் ரிலே விழ, காற்றின் இரைச்சல் அடங்கியது.

"வாங்க மைனி" என்று கூப்பிட்டு, நகர்ந்து அவருக்கு இடம் விட்டேன். சாயங்காலம் ஆபீஸ் விடும்வரை நான் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.