மாப்பிள்ளைத் தவளையும் செல்வராசு சாரும்

செவ்வாய்க்கிழமை வகுப்பில் இருந்தபோது அலுவலக உதவியாளர் வந்து, செல்வராசு சார் காலையில் இறந்துவிட்டதாகச் சொன்னார். எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, வெட்கம். அவரோடு நம் கல்லூரியில் வேலை பார்த்த உங்களுக்கு அதன் காரணத்தைச் சொல்லியாக வேண்டும்.

அவர் விலங்கியல், நான் வேதியியல். மழை பொய்த்த அந்த ஆண்டு, பீங்கான் பட்டறைகளுக்குப் பின்னால் குட்டையை ஒட்டிய தெருவிலிருந்து பெண்கள் சிலர் பானை நிறையத் தவளைகளோடு அவரிடம் வந்தார்கள். மழைக்காகத் தவளைக் கல்யாணம் நடத்த வேண்டுமாம். "எது ஆம்பள, எது பொம்பளன்னு நீங்கதான் சார் பாத்து குடுக்கணும்" என்றார்கள். வேறொருவராக இருந்தால் மூடநம்பிக்கை என்று விரட்டியிருப்பார். இவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தொண்டை கறுத்த ஒன்றைத் தூக்கி, "இவருதாம்மா மாப்பிள்ளை. கூச்சம் ஜாஸ்தி, வாயத் தொறக்க மாட்டேங்குறாரு" என்றார்.

தாலி கட்டிய மறுநாளே மாப்பிள்ளை செத்துப்போனது. பயந்துபோன பெண்கள் அதை அவரிடமே கொண்டுவந்தார்கள். அறுத்துப் பார்த்தவர் என்னையும் லென்ஸில் பார்க்கச் சொன்னார். விரைக்குள் பொடிப்பொடியாக முட்டைகள். அந்தக் குட்டையில் பிறகு பிடித்த ஆண் தவளைகள் பலவற்றிலும் அப்படியே இருந்தது. கிண்டலை விட்டுவிட்டார். "இந்தத் தண்ணியிலதான் சார் அந்தத் தெரு புள்ளைங்க குளிக்குதுங்க" என்றார்.

தண்ணீரைச் சோதித்துத் தரச் சொன்னார். ஈயம் இருந்தது; வாயால் சொன்னேன். மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அனுப்ப, அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்படி கேட்டார். "தவளைய கெடுத்தது இதுதான்னு எழுத வேணாம், அது எனக்கே உறுதியா தெரியாது. ஈயம் இருக்குதுன்னு மட்டும் எழுதுங்க." அடுத்த வாரம் தருவதாகச் சொன்னேன். பொம்மைகளுக்குப் பளபளப்பு ஏற்றும் ஈயப் பூச்சுக் கலவையின் டிரம்களைக் கழுவி அந்தக் குட்டையில் விடும் பட்டறைகளில் ஒன்று என் தம்பியுடையது. இன்னொரு முறை கேட்டார். "பாக்கலாம் சார்" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. அதன்பின் கேட்கவே இல்லை. தினமும் என்னை டீக்கு அழைத்தார், தம்பியைப் பார்த்தால் நலம் விசாரித்தார். இரண்டு கோடைகள் போயின. பிள்ளைகள் அங்கேதான் குளித்தார்கள்.

நேற்று, குட்டையில் ஈயம் இருப்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டு அந்த அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். தம்பியிடமும் சொல்லிவிட்டேன்; அப்போதிலிருந்து அவன் என்னோடு பேசவில்லை. செல்வராசு சார் மூன்றாவது முறையும் கேட்டிருந்தால், கோபப்பட்டாவது தப்பித்திருப்பேன். அவர் கேட்காமல் விட்டதுதான் எனக்கு மிச்சம்.