ஆமைகள் இறங்கிய துரவு

கற்பிட்டிப் பக்கத்து எத்தாளையில் ஸும்ராவின் ஒன்றரை ஏக்கரைக் கண்டுபிடிக்க யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. சுற்றிவர மிளகாயும் வெங்காயமும் நட்ட தோட்டங்கள். நடுவில் ஒன்று மட்டும் பற்றைக்காடு. பாலை, விண்ணாங்கு, வேம்பு, உடை என்று ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். முன்பக்கத்தில் இரண்டு அறை வீடு. காட்டை வெட்டித் தோட்டம் செய்யும்படி ஊரில் பலரும் அவளுக்குப் புத்தி சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டார்கள்.

தொண்ணூறாம் ஆண்டு, பதின்மூன்று வயதில், மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கியவள் அவள். பிறகு பதினோரு வருஷம் அகதி முகாமில், வெறும் மணலில், ஓலைக் கொட்டிலுக்குள். ஒதுங்க ஒரு மரம் கிடையாது. கல்யாணம் செய்த மனிதர் ஆறு வருஷத்தில் காய்ச்சல் கண்டு மௌத்தாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. குவைத்தில் சமையல் வேலை பார்த்துத் திரும்பி வந்து இந்தக் காணியை வாங்கியபோது, நிழலோடு கிடைத்த காணியின் நிழலை எதற்கு வெட்ட வேண்டும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. கடற்கரை விடுதி ஒன்றில் வெள்ளைக்காரர்களுக்குச் சமைக்கப் போனாள். விடியற்காலை போனால் மூன்று மணிக்குத் திரும்புவாள். வெள்ளிக்கிழமை மட்டும் லீவு.

மூன்று வருஷத்துக்கு முன் புரட்டாசி கழிந்தும் மழை இல்லை. பக்கத்துத் தோட்டத்துச் சீமெந்துத் தொட்டியிலிருந்து நாற்றம் வருகிறதென்று எட்டிப் பார்த்தாள். இரண்டு முயலும் ஒரு நரிக்குட்டியும் ஊதி மிதந்தன. தண்ணீர் குடிக்க இறங்கியவை, செங்குத்தான சுவரில் ஏற முடியாமல் செத்திருந்தன. அன்றைக்கே தன் காட்டுக்குள் ஒரு துரவு தோண்டுவதென்று முடிவெடுத்தாள். பயிருக்கு இறைக்க அல்ல. இறங்கிக் குடித்துவிட்டு ஏறிப் போகக்கூடிய ஒரு சின்னத் தண்ணீர்.

கிணறு வெட்டுபவர் முபாறக். ஆலங்குடாக்காரர், பெண்சாதி இறந்து நாலு வருஷம். ஸும்ரா கூலி பேசப் போனபோது விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். மிருகத்துக்குத் தண்ணி கொடுக்கக் கூலி வாங்க மாட்டேன், வெள்ளிக்கிழமை ஜும்மா முடிய வந்து வெட்டித் தருகிறேன் என்றார்.

சொன்னபடியே வந்தார். பன்னிரண்டு வெள்ளிக்கிழமை. அவர் வெட்ட, அவள் கடகத்தில் மண் சுமந்து கொட்டினாள். எங்கே வெட்டினால் வேர் கெடாது, எந்தப் பக்கம் நிழல் நிற்கும் என்று அவர்தான் பார்த்தார். மூன்று பக்கமும் சோற்றுப் பீங்கானின் விளிம்புபோல மெல்லச் சரிய வேண்டும், ஊர்ந்து வருவதும் ஏறிப் போக வேண்டும் என்று சரிவை இரண்டு தரம் இடித்துத் திருத்தினார். ஐந்து அடியில் மணல் கறுத்தது. மறுவாரம் ஊற்றெடுத்தது. முபாறக் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு அவளையும் குடிக்கச் சொன்னார். இனிப்பான தண்ணீர்.

“இதுக்குக் கீழ ஒரு அடியும் வெட்டக்கூடாது,” என்றார். “வெட்டினா அடியில கெடக்கிற உப்பு மேல வந்துரும்.”

முதலில் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார். ஏழாவதோ எட்டாவதோ வாரம், ஸும்ரா என்றார். அதற்குப் பிறகு அவளும் அவரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடவில்லை. பிளேன்டீ கொடுக்கும்போது கோப்பையைப் படியில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பவள், இப்போது கையில் கொடுத்தாள். ஊர் கதைக்கத் தொடங்கியது. நுரைச்சோலையிலிருந்து தம்பி ஹஸ்மி வந்து, அந்த மனுஷனைப் பற்றி என்ன யோசிக்கிறாய் என்று நேரே கேட்டான். அவள் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவன் அதை ஓம் என்றே எடுத்துக்கொண்டான். நோன்புப் பெருநாள் முடிய நிக்காஹ் என்று பேச்சாயிற்று. நாற்பத்தேழு வயதில் இப்படியொரு காரியம் தனக்கு நடக்குமென்று அவள் நினைத்திருக்கவில்லை. வெட்கமாகவும் இருந்தது, விடுதிச் சமையலறையில் வெங்காயம் உரிக்கும்போது தானாகச் சிரிப்பும் வந்தது.

மழை வந்தது. துரவு விளிம்புவரை நிறைந்தது. மயில் வந்தது, உடும்பு வந்தது, ஒருநாள் தாய்க்கழுதையும் குட்டியும் வந்து நின்று குடித்தன. பிறகு நட்சத்திர ஆமைகள் வந்தன. கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடு விரிந்த தரை ஆமைகள். முபாறக் ஒன்றைத் தூக்கிப் புரட்டி, ஆணுக்கு வயிற்றுப் பக்கம் குழிந்திருக்கும், பெண்ணுக்குத் தட்டையாக இருக்குமென்று காட்டிக்கொடுத்தார். அவருக்கு ஆமை பற்றி நிறையத் தெரிந்திருந்தது. கிணறு வெட்டுகிற மனிதருக்கு இவ்வளவும் எப்படித் தெரியும் என்று அவள் யோசிக்கவில்லை. கெட்டிக்காரர் என்று பெருமைதான் பட்டாள்.

ஆமைகளைப் பிரித்து அடையாளம் காண, படகுக்குப் பூசும் நீலப் பெயின்ற்றில் தீக்குச்சியைத் தோய்த்து ஒவ்வொன்றின் அடிவயிற்றிலும் புள்ளி வைத்தாள். ஒன்றாவது ஆளுக்கு ஒரு புள்ளி, இரண்டாவது ஆளுக்கு இரண்டு. அது அவளுடைய யோசனை. புதிதாக ஒன்று வந்தால் உடனே படம் எடுத்து முபாறக்குக்கு அனுப்புவாள். கூடவே குரலிலும் ஒரு செய்தி போகும்.

தை மாதம் முழுக்க மழை விட்டுவிட்டுப் பெய்தும் ஆமைகள் குறைந்துகொண்டு வந்தன. அவள் முபாறக்கிடம் கேட்டாள். மண்ணுக்குள் படுத்திருக்கும் என்றார். அவள் நம்பினாள்.

நோன்பு தொடங்க ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை காலை, வனசீவராசி அலுவலர் ஒருவர் அவளுடைய படலையில் வந்து நின்றார். பெயர் தினுஷன், சிலாபம் பக்கத்துத் தமிழ்ப் பொடியன், மரியாதையாகக் கதைத்தார். முதல்நாள் கடற்கரையில் படகுக்குக் காத்திருந்த ஒருவரைப் பிடித்திருப்பதாகச் சொன்னார். இந்தியாவுக்குப் போக இருந்த ஈரச் சாக்குகளில் அறுபத்துமூன்று நட்சத்திர ஆமைகள். கால் அசையாமல் ஓட்டோடு சேர்த்து ஒட்டுநாடா சுற்றியிருந்தார்களாம். போனில் படம் காட்டினார். புரட்டி வைத்த ஆமைகள் சிலவற்றின் வயிற்றில் நீலப் புள்ளிகள்.

“இது நான் வெச்ச புள்ளிதான்,” என்றாள் ஸும்ரா. காணாமல் போனவை கிடைத்துவிட்டன என்றே முதலில் நினைத்தாள். “ஆர் தம்பி இதுகளப் புடிச்சுக் கொண்டு போனது?”

தினுஷன் பெயரைச் சொன்னார். அவள் படலையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் மிச்சத்தையும் சொல்ல வேண்டியிருந்தது. முபாறக் கொடுத்த வாக்குமூலத்தின்படி ஆமைகள் அவளுடையவை. அவள்தான் துரவு வெட்டுவித்து வளர்த்து விற்கிறாள், அவர் சுமந்துகொடுக்கிற ஆள் மட்டும். புள்ளி வைத்து இலக்கம் போட்டிருப்பதே அதற்கு அத்தாட்சியாம்.

வாக்குமூலம் கொடுக்கப் புத்தளத்துக்குப் போகும் வழியெல்லாம் ஹஸ்மி பக்கத்தில் இருந்து கெஞ்சினான். பெயின்ற்றைப் பற்றி வாய் திறக்க வேண்டாம், ஒன்றும் தெரியாதென்று மட்டும் சொல், நிக்காஹ் பேசினது ஊருக்கே தெரியும், மானம் போகும் என்றான்.  அவள் அலுவலகத்தில் கதிரையில் அமர்ந்து, தொட்டியில் மிதந்த நரிக்குட்டியிலிருந்து தொடங்கி ஒன்றும் விடாமல் சொன்னாள். பிறகு போனை எடுத்து மேசையில் வைத்தாள்.

தினுஷனும் இன்னும் இரண்டு பேரும் இருந்து கேட்டார்கள். அவளுடைய குரல் அந்த அறைக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. இண்டைக்குப் புது ஆள் ஒண்டு வந்திருக்கு, சின்னன், கையளவுதான். நாளைக்கு நான் நாலு மணிக்குத்தான் வருவன், நீங்க வந்தா ஒருக்காப் பாருங்க. பதினாலாவது ஆள மூணு நாளாக் காணல்ல, நரி கொண்டு போயிருக்குமோ, எனக்கு மனசு சரியில்ல. அதற்கு அவருடைய குரல், அவளுக்கு அவ்வளவு பழகிப்போன குரல்: மண்ணுக்குள்ள படுத்திரிக்கும், நீ கவலப்படாத.

எது வந்தது, எத்தனை மணிக்குத் தான் வீட்டில் இருக்க மாட்டேன் என்பதையெல்லாம் தானே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். வேறு யாருக்கும் காட்டியிராத குரலில் சொல்லியிருக்கிறாள். அதை மூன்று அந்நிய ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டு கேட்கிறார்கள். அந்தச் செய்திகள்தான் அவளைக் காப்பாற்றின. ஆனாலும் அந்த அறையில் இருந்த அரைமணி நேரத்தைப்போல ஒரு கேவலத்தை முகாமில்கூடத் தான் பட்டதில்லை என்று பின்னாளில் சொன்னாள்.

வழக்கில் அவள் சாட்சியானாள். முதல் தவணையன்று நீதிமன்ற விறாந்தையில் முபாறக்கை மர வாங்கில் இருத்தியிருந்தார்கள். அவளைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். அவள் நாலு முழம் தள்ளி நின்றாள்.

“என்ட பேர ஏன் குடுத்தீங்க?”

“படகுக்காரனுகள்ட பேரக் குடுத்தா என்ன உசிரோட வெக்க மாட்டானுகள்,” என்றார் முபாறக். “நீ பொம்பள. காட்டோட கெடக்கிறவள். ஒன்ன ஒண்ணும் செய்ய மாட்டாங்கண்டு நெனச்சன்.”

“தொரவு வெட்ட வந்த அண்டைக்கே இந்த எண்ணம் இருந்திச்சா?”

அவர் கீழே பார்த்தார். “இல்ல. மொத மழைக்குப் பொறகுதான்.”

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. அந்தப் பதில் உண்மையா என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது. உண்மை என்றால், பன்னிரண்டு வெள்ளிக்கிழமை நல்ல மனிதராக இருந்தவர், ஆமைகளைக் கண்டதும் அவளையும் சேர்த்து விலைபேசியிருக்கிறார். பொய் என்றால், சரிவை இரண்டு தரம் இடித்துத் திருத்தியதே ஆமை இறங்கத்தான். இரண்டில் எது தேவலாம் என்று பல நாள் யோசித்தாள். முடிவுக்கு வர முடியவில்லை.

முபாறக்குக்குச் சிறையும் தண்டப்பணமும் கிடைத்தன. உயிரோடு மிஞ்சிய ஐம்பத்தெட்டு ஆமைகளை நீதிமன்ற உத்தரவுப்படி வேறொரு காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். தன்னுடைய ஆமைகளைத் திருப்பித் தரச் சொல்லி ஸும்ரா கேட்டுப் பார்த்தாள். தெரிந்துபோன இடத்தில் விட்டால் திரும்பவும் பிடிப்பார்கள் என்று தினுஷன் விளக்கினார். அது நியாயம்தான். ஆனாலும் அவள் அன்று அழுதாள். விடுதிக்காரர் பேப்பரில் பெயர் வந்த ஆளை வைத்திருக்க முடியாதென்று சொல்லிவிட்டார். அவளுக்கும் பங்கு இருந்திருக்கும், பங்கு பிரிப்பதில்தான் பிழை வந்திருக்கும் என்று ஊரில் பாதிப்பேர் இன்றும் கதைக்கிறார்கள்.

துரவை மூடிவிடலாமென்று ஒருநாள் மண்வெட்டியோடு போனாள். ஒரு மணி நேரம் மண் தள்ளினாள். பிறகு, தள்ளிய மண்ணை அவளே வாரி மேலே போட்டாள். இந்தத் தண்ணீரை நான்தான் நினைத்தேன், மண்ணைச் சுமந்ததும் நான்தான், அந்த மனிதனுக்காக இதை ஏன் மூட வேண்டும் என்று கோபம் வந்தது என்றாள். அந்தக் கோபம்தான் அவளைச் சாப்பிடவும் எழும்பவும் வைத்தது.

இந்த வருஷம் சித்திரையில் முபாறக் வெளியே வந்தார். அடுத்த கிழமை ஹஸ்மி வந்து இருந்தான். அவன் அவளைப் பார்க்க வந்தே எட்டு மாதமாகியிருந்தது. பிளேன்டீ குடித்து முடியும்வரை மழையைப் பற்றிக் கதைத்துவிட்டு, மெதுவாக விஷயத்துக்கு வந்தான். முபாறக் பள்ளிவாசலில் எல்லாருக்கும் முன்னால் அழுதாராம். மஆப் கேட்க, மன்னித்துவிடச் சொல்லிக் கேட்க வர விரும்புகிறாராம். தனியாக எத்தனை நாள் கிடக்கிறது, மனுஷன் திருந்திவிட்டான், பேசினதைப் பேசினபடியே முடித்தால் ஊர் வாயும் மூடும் என்றான்.

ஸும்ரா கோப்பையை எடுத்துக் கழுவி வைத்தாள்.

“மஆப் நான் குடுத்துட்டன் எண்டு செல்லு,” என்றாள். “ஆனா என்ட வளவுக்குள்ள கால் வெக்க வேணாம். நீயும் இந்தக் கதையோட வாறதெண்டா வராத.”

ஹஸ்மி எழும்பிப் போனான். அவள் படலையைச் சாத்திக் கொளுவி போட்டாள். விடுதி வேலை போன பிறகு கூலிக்குப் போகும் பக்கத்துத் தோட்டத்தில் மிளகாய் ஆய இன்னும் நாலு வரிசை மிச்சம் இருந்தது. துணியைத் தலையில் கட்டிக்கொண்டு அங்கே போனாள்.