குட்டிப்பெட்டிக்குத் தேசிக்காய் இல்லை

மாமாவின் லொறிக்குப் பதினாறு சில்லு. அம்மா வாங்கி வந்தது நாலு தேசிக்காய். பிரச்சினை அங்கேதான் தொடங்கியது என்று அம்மா இன்றைக்கும் சொல்லுவார்.

எனக்கு அப்போது எட்டு வயது. பீலெஃபெல்ட் என்ற ஜேர்மன் நகரத்தில் இருந்தோம். அம்மாவின் தம்பிதான் மாமா. ஒரு கொம்பனியில் லொறி ஓடினார். அது அவருக்கு நாலாவது வேலை. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள். அது முடிய ஒரு கிழமை இருந்தது. அவனுக்கு ஒரு வேலையும் தங்காது என்று அப்பா ஒரு பிறந்தநாள் விழாவில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். அன்று முதல் இருவருக்கும் பேச்சில்லை. மாமா வீட்டுக்கு வந்தால் அப்பா குப்பை கொட்டப் போய்விடுவார். எங்கள் வீட்டில் குப்பை சேர்ந்ததே இல்லை.

அந்தக் கிழமை கொம்பனி மாமாவுக்கு ஒரு புது லொறி கொடுத்தது. அதற்குப் பின்னால் இரண்டு பெட்டி. முன்னது நீளம், பாரம். பின்னது கட்டை, வெறுமை. ஒட்டகத்தின் வாலில் ஆட்டைக் கட்டியதுபோல இருந்தது. பாரமானது முன்னுக்கு, இலேசானது பின்னுக்கு. மாற்றிக் கொழுவினால் பின்பெட்டி வாலை ஆட்டி லொறியையே விழுத்தும். இதை மாமா எனக்குச் சொன்னார். அவ்வளவு நீள லொறி குறித்த வீதிகளில் மட்டும்தான் போகலாம். அதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

புது வாகனம் என்றால் பூசை வேண்டும் என்றார் அம்மா. எங்கள் கோயில் தொழிற்பேட்டைக்குள் இருந்தது. டயர் கடையைத் தாண்டி, மறுபக்கம் வழியில்லாத ஓர் ஒழுங்கையின் முடிவில். வெள்ளிக்கிழமை பின்னேரம் மாமா லொறியை நேரே அங்கே கொண்டுவந்துவிட்டார். ஆறு மணிக்கு அது கொம்பனி வளவுக்குள் நிற்க வேண்டும்.

ஐயர் சில்லுகளை எண்ணினார். பிறகு நாலு தேசிக்காயையும் முன்பக்கச் சில்லுகளுக்கு வைத்தார். பெட்டிகளுக்குத் திருநீறு பூசினால் காணும் என்றார். தேங்காய் உடைந்தது. தேசிக்காய் நசிந்தது. நான் மாமாவுக்குப் பக்கத்தில், உயரத்தில் இருந்தேன்.

பிறகுதான் திரும்ப இடமில்லை என்று தெரிந்தது. கோயில் முன்றல் முழுக்கக் கார். பின்னுக்குத்தான் எடுக்க வேண்டும். ஒரு பெட்டி என்றால் மாமா எடுப்பார். இரண்டு பெட்டி இரண்டு இடத்தில் மடியும். முன்பெட்டி இடப்பக்கம் போனால் குட்டிப்பெட்டி வலப்பக்கம் போனது. மூன்றாம் முறை அது ஒழுங்கைக்குக் குறுக்கே நின்றுகொண்டது. ஒரு காரும் வெளியே போக முடியாது.

ஆட்கள் கூடினார்கள். எல்லோரும் ஊரில் டிரக்டர் ஓடியவர்களாம். ஒருவர் இடத்தாலை ஒடிக்கச் சொன்னார், ஒருவர் வலத்தாலை. மாமா இரண்டையும் செய்தார். அப்பா மட்டும் கிட்ட வரவில்லை. செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றார். எங்களைக் கோயிலில் இறக்கிவிடுவதோடு அவருடைய பக்தி முடிந்துவிடும். திருவிழாவில்கூட அவர் தேர்வடத்தைத் தொட்டதில்லை.

ஐந்து மணி ஆனது. மாமா ஸ்ரேறிங்கில் நெற்றியை வைத்தார்.

"இதுவும் போச்சு, பிள்ளை."

அப்போது ஓர் அண்ணை வந்து கதவைத் தட்டினார். திருவிழாவில் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்.

"கழட்டுங்கோ தம்பி. தேரையே திருப்பிற எங்களுக்கு இது ஏலாதே?"

தேர்க்கொட்டகையிலிருந்து வடம் வந்தது. மாமா குட்டிப்பெட்டியைக் கழற்றினார். காற்றுக்குழாயைப் பிடுங்கினால் பெட்டி தானாகப் பிறேக் போட்டுக்கொள்ளும். அடியில் ஒரு குமிழை அமத்தி அதை விடுவித்துவிட்டு மறுபடி ஸ்ரேறிங்குக்கு வந்தார். பெட்டியின் பின்பக்கத்தில் வடம் கட்டினார்கள். கொழுவுகிற இரும்பு நாக்கை நாலு பேர் பிடித்துத் திருப்பினார்கள். முட்டுக்கட்டை அண்ணை கட்டையோடு சில்லடியில் குனிந்து நடந்தார்.

நான் கண்ணாடியில் பார்த்தேன். வடத்தின் முன்நுனியில் அப்பா.

மாமாவும் பார்த்தார். மூக்கைத் துடைத்தார்.

அரோகரா என்று கேட்டது. பெட்டி அசைந்தது. டயர் கடைக்காரர் கோப்பிக் கோப்பையோடு வெளியே வந்து, உள்ளே எந்தச் சாமி என்று கேட்டாராம். வெறும்பெட்டி என்று சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. அவரும் கோப்பையை வைத்துவிட்டு வடத்தைப் பிடித்தார்.

குட்டிப்பெட்டி பெரிய வீதிக்குப் போனது. மாமா நீளப்பெட்டியோடு பின்னுக்கு வந்து வீதியில் ஏறினார். குட்டிப்பெட்டியை மறுபடி இழுத்துவந்து பின்னால் கொழுவினார்கள். என்னை இறக்கிவிட்டு மாமா போனார். ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்க வளவுக்குள் நின்றாராம். கதவில் என்ன வெள்ளைக் கோடு என்று முதலாளி கேட்டாராம். வீதித் தூசி என்றாராம் மாமா. அடுத்த கிழமை வேலை நிரந்தரமானது.

அன்றிரவு அம்மா அப்பாவின் உள்ளங்கைகளுக்கு மருந்து போட்டார். தோல் உரிந்திருந்தது. தம்பிக்காகத்தானே என்று அம்மா கேட்டார்.

"அவனுக்கு நான் ஏன் இழுக்கிறன்? கோயில் வடம். சாமிக்கு இழுத்தனான்."

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அப்பா குப்பைப் பையை எடுத்தார். வாசலில் நின்று, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொல் என்று என்னிடம் சொல்லிவிட்டு இறங்கினார்.

அடுத்த தேர்த்திருவிழாவில் நான் அப்பாவின் கையைப் பிடித்து வடத்தடிக்கு இழுத்தேன். அவர் வரவில்லை. செருப்புகளுக்குப் பக்கத்திலேயே நின்றார்.

அன்று சாமிக்கு இழுத்த அப்பாவுக்குப் பிறகு சாமியோடு ஏதோ கோபம் என்று கன காலம் நினைத்திருந்தேன்.