சர்வேயர் வேலாயுதமும் மேல்சரிவுப் புதைகுழிகளும்

கியா பார்ம் சந்தையில் முட்டைக்கோசு வாங்கிக்கொண்டிருந்தபோது பார்வதி அக்கா அழைத்தார். “கோமதி, அண்ணன் போயிட்டாரு. தானா ராத்தா ஆஸ்பத்திரியிலதான். இப்பத்தான்,” என்றார். குரலில் அழுகை இல்லை. நான்கு ஆண்டுகள் அண்ணன் வேலாயுதத்தோடு பேசாமலிருந்த தங்கை அவர். கடைசி இரண்டு நாள் மட்டும் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார்.

நில அளவையாளர் வேலாயுதத்தின் அலுவலகத்தில் பதினேழு ஆண்டுகள் வரைபடம் வரைந்தவள் நான். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து சர்வேயரானவர் என்று நம்மில் பலர் அவரைப் பெருமையாகச் சொன்னதுண்டு. பிறகு அவர்களே அவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கோபம் இன்னும் தீராதவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

வேலையில் அவர் பொல்லாத கறார். ஒருமுறை கம்போங் ராஜாவில் ஒரு எல்லைக்கல் ஒரு சாண் தள்ளியிருப்பதாகச் சந்தேகம் வந்ததும், பாதி வழி வந்துவிட்ட எங்களைக் கொட்டும் மழையில் திருப்பி அழைத்துப் போனார். கல் சரியாகத்தான் இருந்தது. “சரியா இருக்குன்னு இப்பத் தெரிஞ்சிச்சில்ல, போலாம்,” என்று லோரியில் ஏறிக்கொண்டார். அப்படிப்பட்டவர்தான் அந்த ஒரு நாள் தவறினார்.

தோட்டத்து ஓரச் சரிவில் வீடமைப்புத் திட்டம் வந்தது. வேலையை விட்டால் லயத்தையும் காலி செய்ய வேண்டிய நம்மவர்களுக்குச் சொந்த வீடு. பட்டியலில் பார்வதி அக்காவின் பெயரும் இருந்தது. சரிவின் மறுபக்கம் செமாய் பூர்வகுடிகளின் சிற்றூர். அவர்களின் புதைகுழிகள் நிலத்தில் இருந்தால் வரைபடத்தில் குறித்து, சுற்றிலும் இடம் விட்டுத்தான் கட்ட வேண்டும் என்பது அனுமதியின் நிபந்தனை.

செமாய் ஊரின் பெரியவர் எங்களை அழைத்துப் போனார். எல்லோரும் அவரைப் பா அலாங் என்றே கூப்பிட்டார்கள். கல்லோ பெயரோ கிடையாது. சற்றே அமிழ்ந்த மண், மேலே கவிழ்த்து வைத்த ஒரு பீங்கான் தட்டு, அவ்வளவுதான். ஏழு குழிகளைக் காட்டினார். “மேலே இன்னும் இருக்கின்றன,” என்று மலாயில் சொல்லி மேட்டைக் கைகாட்டினார். அதற்குள் பனிமூட்டம் இறங்கிவிட்டது. நாளை வருவதாக வேலாயுதம் அண்ணன் சொன்னார்.

மறுநாள் காலையில் வீடு கட்டும் நிறுவனத்தின் ஆள் வந்து அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டார். அனுமதிக் கூட்டத்துக்கு வரைபடம் அன்றே வேண்டுமாம்.

“அண்ணே, மேல போகலையே?” என்று கேட்டேன்.

“ஏழு குழியக் காட்டிட்டோம்ல. மிச்சத்த அப்புறம் பாத்துக்கலாம் லா. நம்ம சனம் எத்தன வருசமாக் காத்துக் கெடக்கு,” என்றார்.

நான் வரைந்தேன். மேல்சரிவு வெறுமையாக இருந்தது. அவர் கையெழுத்திட்டார். அதன் பிறகு அங்கே போக இருவருக்குமே நேரம் வாய்க்கவில்லை.

மண்வாரி இயந்திரம் மேட்டைக் கிளறிய மூன்றாம் வாரம் செய்தி வந்து ஓடினோம். சிவப்பு மண் குவியலில் எலும்புகள். சிறிய எலும்புகள். காய்ச்சலில் இறந்த தன் மகளைப் பா அலாங் அங்கேதான் புதைத்திருந்தார். ஒரு சாரோங் கைலியை விரித்து, மண்டியிட்டுப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அண்ணனும் சேற்றில் மண்டியிட்டார். பா அலாங் அவரைத் தடுக்கவில்லை. “நான் சொன்னேனே. நீ எழுதவில்லையா?” என்று மட்டும் கேட்டார்.

விசாரணைக்கு முன் நிறுவனத்தின் ஆள் சுலபமான வழி ஒன்று சொன்னார்: செமாய் ஊர்க்காரர்கள் அந்த இடத்தைப் பற்றிச் சொல்லவே இல்லை என்று அண்ணன் சொன்னால் போதும். அதிகாரிகள் முன் அண்ணன் எழுந்து நின்று, “அவர் சொன்னார். நான்தான் போகவில்லை,” என்றார். உரிமம் இரண்டு ஆண்டுகளுக்கு முடக்கப்பட்டது. திட்டம் நின்றே போனது.

அன்று மாலையே பார்வதி அக்கா அலுவலகத்துக்கு வந்தார். “ஒரு வார்த்த மாத்திச் சொல்லியிருந்தா எம் புள்ளைங்களுக்கு வூடு கெடச்சிருக்கும். செத்தவங்களுக்கு எடம் வேணும், எங்களுக்கு வேணாமாண்ணே?”

“வேணும் பாரு. மறுநாளே மேல போயிருந்தா வீட்டக் கீழ தள்ளிக் கட்டியிருக்கலாம். ரெண்டு பக்கத்தையும் நான்தான் கெடுத்தேன்,” என்றார் அண்ணன். அக்கா அதைக் கேட்கும் நிலையில் இல்லை. கீழ்ச்சரிவிலாவது வீடு கட்ட அனுமதி கேட்டு அண்ணன் கடிதம் மேல் கடிதமாக எழுதினார். பதில் வரவில்லை.

இறுதிச் சடங்கில் கூட்டம் குறைவு. பா அலாங் வந்து வாசலிலேயே நின்றார். பார்வதி அக்கா நாற்காலி போட்டுவிட்டு, “எங்க அண்ணன மன்னிச்சிட்டீங்களா?” என்று மலாயில் கேட்டார். “தெரியவில்லை. அவன் பொய் சொல்லவில்லை. அதனால் வந்தேன்,” என்றார் பா அலாங்.

உரிமம் திரும்பக் கிடைத்த பின் அண்ணன் ஒரு புது வழக்கம் வைத்துக்கொண்டார். கால் படாத பகுதி எதுவானாலும் ‘இங்கே போய்ப் பார்க்கவில்லை’ என்று வரைபடத்திலேயே எழுதச் சொல்வார். “வெள்ளையா விட்டா அங்க ஒன்னும் இல்லன்னு ஆயிடும் கோமதி.” வாடிக்கையாளர்கள் சிலர் அதற்காகவே வேறு அலுவலகம் தேடிப் போனார்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ‘இங்கே போய்ப் பார்க்கவில்லை’ என்ற அந்த ஒரு வரியைத்தான். விசாரணையில் அவர் என் பெயரைச் சொல்லவில்லை. நான் பின்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். மேலே போகவில்லை என்று தெரிந்தே அந்த வரைபடத்தை வரைந்தவள் நான். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.