ஸ்வீட் டப்பாவில் வந்த அந்துப்பூச்சி

ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் தரம் பிரிப்பது என் வேலை. பதப்படுத்திய தோலை மேசையில் விரித்து, உண்ணி கடித்த தடம், முள் கிழித்த கோடு, சூடு போட்ட தழும்பு என்று தேட வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் முதல் தரம். அதாவது, அந்த மாடு வாழ்ந்ததற்கான அடையாளமே தெரியக் கூடாது. வீட்டுக்கு வந்தால், விளக்கைத் தேடிவரும் அந்துப்பூச்சிகளையும் நான் அப்படியேதான் தரம் பிரிப்பேன். இறக்கை ஓரம் கொஞ்சம் பிய்ந்திருந்தாலும் என் கண்ணாடிப் பெட்டியில் இடம் கிடையாது. கேட்டால், இயற்கை ஆர்வலன் என்று சொல்லிக்கொள்வேன். ஆர்வலன் ஏன் ஊசி குத்துகிறான் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கும் அளவுக்கு என் பெட்டிகளைப் பார்க்க யாரும் வந்ததுமில்லை.

போன மழைக்காலத்தில் கம்பெனியில் எங்களை ஏலகிரிக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். காலையில் பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தால், விடுதிச் சுவரில் டியூப்லைட்டுக்குக் கீழே நிலா அந்துப்பூச்சி ஒன்று உட்கார்ந்திருந்தது. உள்ளங்கை அகலம், வெளிர்பச்சை, நீண்ட வால்கள், ஒரு கீறல்கூட இல்லை. வாய் நிறைய நுரையோடு நான் போட்ட கூச்சலில், பாம்பு என்று நினைத்து எல்லோரும் கட்டையோடு ஓடிவந்தார்கள். காலி ஸ்வீட் டப்பாவில் அதை அடைத்து, திரும்பும் வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். “தனியா துன்றியா? வயித்த வலிக்கும், பாத்துக்கோ” என்று பக்கத்து சீட் தோஸ்த் சபித்தான்.

வீட்டில் டப்பாவை ஃப்ரிட்ஜில் வைத்தேன். குளிரில் அடங்கியதும் ஃப்ரீசரில் வைத்துக் கொன்றுவிடுவதாகத் திட்டம். தாமதித்தால் படபடவென்று அடித்துக்கொண்டு இறக்கையைக் கெடுத்துக்கொள்ளும். நான் குளித்துவிட்டு வருவதற்குள், இனிப்பு என்று நினைத்து மனைவி டப்பாவைத் திறந்துவிட்டாள். அவள் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இனிக் குணமாகாது என்று ஆனவர்களைப் பார்த்துக்கொள்ளும் வார்டு.

“இன்னாங்க இது, உயிரோட இருக்கு?”

துண்டைக் கட்டிக்கொண்டு நின்றபடியே வகுப்பெடுத்தேன். “இதுக்கு வாயே வேலை செய்யாதும்மா. எதுவும் சாப்பிடாது. ஜாஸ்தி போனா ஒரு வாரம், தானா செத்துடும். நாம ஒண்ணும் பெருசா எடுத்துடல.”

அவள் டப்பாவையே பார்த்தாள். “எங்க வார்டுல பாதிப் பேரு அப்படித்தாங்க. வாயில ஒண்ணும் எறங்காது. ஒரு வாரம்தான். அந்த ஒரு வாரத்துக்குத்தான் நான் தெனம் ட்ரெயின் புடிச்சிப் போறேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். சாதாரணமாகச் சொல்லிவிட்டு இட்லி ஊற்றப் போய்விட்டாள். எனக்கு முகம் எரிந்தது.

பூச்சியை ஊருக்குக் கொண்டுபோய் விட லீவு வேண்டும் என்று எந்த மேனேஜரிடம் சொல்வது? மறுநாள் காலை, வயிற்றுப்போக்கு என்று போன் செய்துவிட்டு, டப்பாவைப் பையில் வைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பைக்கில் கிளம்பினேன். மலை வளைவுகளில் கர்ப்பிணியை ஏற்றிக்கொண்டு போவதுபோல ஓட்டினேன். அந்த விடுதிக்குப் பக்கத்தில் ஒரு மரத்தில் விட்டபோதுதான், ஒரு வால் ஒடிந்திருந்ததைப் பார்த்தேன். நேற்றே கொன்றிருந்தால் முழுசாக இருந்திருக்குமே என்றுதான் முதலில் தோன்றியது. அவ்வளவு நல்லவன் நான்.

அப்போதே திரும்பியிருக்கலாம். ஆனால் பக்கத்துக் கிளையில் ஓர் இரட்டைவால் குருவி வந்து உட்கார்ந்தது. அவ்வளவுதான், பகல் முழுக்க அந்த மரத்தடியில் நின்று குருவிகளைக் கல்லால் விரட்டினேன். ஒன்றை “கொலகாரா” என்றுகூடத் திட்டினேன். அந்த வழியே போன ஓர் அம்மா, “இன்னா சார், எதாச்சும் தொலைச்சிட்டீங்களா?” என்றார். பூச்சிக்குக் காவல் இருக்கிறேன் என்றதும் நடையை வேகமாக்கிக்கொண்டார்.

இருட்டத் தொடங்கியபோது அதன் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. செத்துப்போகிறது என்று என் வயிறு கலங்கியது. இந்த முறை நிஜமாகவே. ஆனால் அது பறப்பதற்காக உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தது. சட்டென்று எழும்பியது. அழகாகவெல்லாம் பறக்கவில்லை. புதிதாக சைக்கிள் பழகுபவன் மாதிரி அங்கும் இங்கும் தடுமாறி, ஒரு கிளையில் மோதி, மேலேறி, மரங்களுக்குள் போய் மறைந்தது.

சுவரில் சும்மா உட்கார்ந்திருப்பதை டப்பாவால் மூடித்தான் இத்தனை காலமும் பிடித்திருக்கிறேன். என் பெட்டிகளில் இருக்கும் ஒவ்வொன்றின் இறக்கையிலும் எத்தனை புள்ளி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அவை எப்படிப் பறக்கும் என்று கேட்டால், ஒன்றைப் பற்றியும் எனக்குச் சொல்லத் தெரியாது.