வாசிகசாலையில் அம்மா சாப்பிட்ட மா

தம்பி பிறக்க முந்தியே எனக்கு அவனைப் பிடிக்காமல் போய்விட்டது. தம்பிதான் என்று ஊரே தீர்மானித்திருந்தது. ஆள் இன்னும் வெளியே வரவில்லை, அதற்குள் என்ன அதிகாரம்! அம்மா கிணற்றில் தண்ணீர் அள்ளக்கூடாது. நான் மடியில் ஏறக்கூடாது. போர் நேரத்துப் பொருளாதாரத் தடையால் சீனியைக் கண்ணால் காணாத காலம் அது. வீட்டில் ஒருநேரம்தான் சோறு. அந்த நாளிலும் எங்கள் கோப்பாய் வாசிகசாலையில் நடந்த கிளினிக்கில் தம்பியாருக்கென்று சத்துமா கொடுத்தார்கள். கர்ப்பிணித் தாய்மாருக்கு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். யாருக்கென்று எனக்குத் தெரியாதா என்ன?

நல்லவேளை, அம்மா என் கட்சி. மாவோடு தேங்காய்ப்பூவும் பனங்கட்டியும் போட்டு உருண்டை பிடித்து என் கையில்தான் தருவார். உங்களுக்கு வேண்டாமா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் பாதி போய்விடுமே.

கிளினிக்கை நடத்திய மருத்துவமாதுவை எல்லோரும் மிசி என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மாவின் நிறை ஏறவில்லை என்பது அவருக்குப் பெரிய தலையிடி. ஒருநாள் சைக்கிளை உழக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"தாய் உப்பிடி மெலிஞ்சு கிடந்தால் வயித்திலை கிடக்கிறது எப்பிடித் தப்பும்? மா சாப்பிடுறனீரோ, தங்கச்சி?"

"ஓம் மிசி" என்றார் அம்மா.

எனக்குப் பொறுக்கவில்லை. அந்த மாவையும் தம்பிதான் தின்கிறான் என்று மிசி நினைத்துக்கொண்டு போவதா?

"இல்லை மிசி! அம்மா எனக்குத்தான் தாறவ. தம்பியாருக்கு ஒண்டுமில்லை" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அம்மா தலையைக் குனிந்தார். மிசி சத்தம் போடுவார் என்று பார்த்தால், போடவில்லை.

"என்னட்டையெண்டாலும் உண்மையைச் சொல்லியிருக்கலாமே, தங்கச்சி."

"பிள்ளை வாயைப் பாத்துக்கொண்டு நிக்கேக்கை எனக்கு எப்பிடி மிசி தொண்டைக்குள்ளாலை இறங்கும்?"

அடுத்த கிளினிக்கில் மிசி கர்ப்பிணிகளை எல்லாம் இருத்திவைத்து விசாரித்தார். எல்லா வீட்டிலும் இதே கதைதான். "மா குடுத்தனே ஒழிய, அது ஆரின்ரை வாய்க்குப் போகுதெண்டு நான் பாக்கேல்லை" என்று தன்னையே ஏசிக்கொண்டு, அங்கேயே திட்டத்தை மாற்றினார். இனி மா வீட்டுக்குப் போகாது. தாய்மார் பின்னேரங்களில் வாசிகசாலைக்கு வந்து, அவர் கண்முன்னே சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும். பிள்ளைகள் வெளியே.

நான் வேலியோடு ஒட்டிக்கொண்டு நிற்பேன். அம்மா உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். பிறகு மற்றப் பக்கம் திரும்பியிருந்து சாப்பிடுவார். எரிச்சலென்றால் அப்படி ஓர் எரிச்சல் எனக்கு. கண்டறியாத தம்பி! அவன் வருமுன்னே அம்மா கட்சி மாறிவிட்டாரே!

ஒருநாள், "கவனமாப் போயிட்டு வாரும்" என்று மிசி சொன்னதற்கு அம்மா வாய் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார். வழியில் நான் கேட்ட எதற்கும் பதிலில்லை. இப்போது என்னோடு கதைக்கவும் மனமில்லையாக்கும் என்று கறுவிக்கொண்டே நடந்தேன். எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியதும் அம்மா முன்னும் பின்னும் பார்த்தார். குனிந்து, கன்னக் கொடுப்புக்குள் அடக்கி வைத்திருந்த மாவை எடுத்து என் வாய்க்குள் திணித்தார்.

"கெதியா விழுங்கு, குஞ்சு."

நான் அதைத் தூவென்று துப்பினேன்.

"தம்பியாருக்கு நல்லது, எனக்கு எச்சிலோ? எனக்கு வேண்டாம், போங்கோ!"

அம்மா அடிக்கவில்லை. மண்ணில் கிடந்த மாவைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சேலைத் தலைப்பால் என் வாயைத் துடைத்துவிட்டு, "வா, இருளப் போகுது" என்றார்.

அதற்குப் பிறகு அம்மா எல்லாவற்றையும் அங்கேயே விழுங்கினார். நிறை ஏறியது. தம்பி கொழுகொழுவென்று பிறந்தான். கிளினிக்கைப் பார்க்க வந்த பெரிய டொக்டரிடம் மிசி அவனைத் தூக்கிக் காட்டி, "கண்ணுக்கு முன்னாலை சாப்பிட வைச்சன் சேர், அதுதான்" என்றார். டொக்டர் சந்தோஷமாகத் தலையாட்டினார். அம்மா என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தம்பி வென்றுவிட்டான், அம்மாவுக்கு என்மேல் இருந்த ஆசை விட்டுப்போயிற்று என்பதுதான் அன்று எனக்கு விளங்கியது.